பொருள் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

கேள்வி இதுதான்: போரும் பஞ்சமும் அமெரிக்க நாவலாசிரியர்களின் வாழ்க்கைத் தேடலை எப்படி மாற்றின? கூடவே ஒரு வாலும் இருக்கிறது: கஷ்டப்பட்டவர்களால்தான் ஆழமாக எழுத முடியுமா?

வாலை முதலில் பார்த்துவிடலாம். முதல் உலகப் போருக்கு அமெரிக்கா ஏறக்குறைய 20 லட்சம் பேரைக் கடல் தாண்டி அனுப்பியது. திரும்பி வந்து இன்றும் நாம் படிக்கும் நாவலை எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கஷ்டம் எல்லோருக்கும் வந்தது, நாவல் எல்லோருக்கும் வரவில்லை. ஸ்டீபன் கிரேனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். அவர் பிறந்தது 1871-ல். ஆனால் அந்தப் போரைப் பற்றிய மிகச் சிறந்த நாவலான 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' அவர் எழுதியதுதான். 1895-ல் அது புத்தகமாக வந்தபோது அவர் எந்தப் போர்க்களத்தையும் பார்த்திருக்கவில்லை. நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் கதை இன்னும் வேடிக்கை. 1918-ல் கனடாவில் விமானப்படைப் பயிற்சியில் சேர்ந்தார். பயிற்சி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. ஊருக்கு வந்தவர், பறக்கும்போது அடிபட்டது போலக் காலை இழுத்து இழுத்து நடந்தார். நோபல் பரிசு வாங்கியவர்தான், பொய்யும் சொன்னவர்தான். அதனால் 'துன்பம் எழுத்தாளனை உருவாக்கும்' என்ற பேச்சை நான் நம்புவதில்லை. துன்பம் சிலரிடமிருந்து சிலவற்றைப் பறித்தது. பறிபோன இடத்தில் அவர்கள் எதை வைத்தார்கள் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

தமிழில் இதைப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. 'பொருள்' என்றால் நமக்கு அர்த்தமும்தான், கையால் தொடக்கூடிய சாமானும்தான். இந்த எழுத்தாளர்களுக்கு முதலாவது பொருள் தொலைந்துபோனது. அவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்த நடையில் அர்த்தம் சிலருக்குத் திரும்பக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை.

ஹெமிங்வேயிடமிருந்து தொடங்குவோம். 1918 ஜூலை 8, இத்தாலியில் பியாவே ஆற்றங்கரையில் ஃபோசால்டா என்ற சிற்றூர். செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் பணிக்காகப் போயிருந்த பையன் அன்று முன்வரிசை வீரர்களுக்கு சாக்லேட்டும் சிகரெட்டும் விநியோகித்துக்கொண்டிருந்தான். ஆஸ்திரியர்களின் மோர்ட்டார் குண்டு பக்கத்தில் விழுந்து வெடித்தது. கால்களில் 200-க்கும் மேற்பட்ட உலோகத் துணுக்குகள். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

பதினோரு வருடம் கழித்து, 1929-ல், 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலை வெளியிட்டார்; தமிழில் அது 'போரே நீ போ' என்ற பெயரில் வந்தது. அதில் ஓர் இடம் வரும். இத்தாலிய நண்பன் ஒருவன், இந்தக் கோடையில் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடக் கூடாது என்று தேசபக்தியோடு பேசுகிறான். கதைசொல்லி ஃபிரெட்ரிக் பதில் சொல்லவில்லை. புனிதம், மகிமை, தியாகம் போன்ற சொற்களைக் கேட்டாலே தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று மனதுக்குள் நினைக்கிறான். மழையில் நின்றுகொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் கேட்ட சொற்கள் அவை. சுவரொட்டி மேல் சுவரொட்டியாக ஒட்டப்பட்டு அவன் படித்த சொற்கள். ஆனால் புனிதமான எதையும் அவன் கண்ணால் பார்க்கவில்லை. தியாகம் என்று சொல்லப்பட்டது சிகாகோவின் இறைச்சிக் கொட்டகை மாதிரிதான் இருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே அந்த இறைச்சியைப் புதைத்துவிடுகிறார்கள். கடைசியில் மரியாதையோடு சொல்லக்கூடியவையாக அவனுக்கு மிஞ்சுவது ஊர்களின் பெயர்கள், சாலைகளின் எண்கள், ஆறுகளின் பெயர்கள், படைப்பிரிவு எண்கள், தேதிகள். அவ்வளவுதான்.

ஹெமிங்வேயின் 'வெட்டி வெட்டி எழுதும்' நடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பத்திரிகை வேலையில் கற்றுக்கொண்டது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நடைக்குப் பின்னால் ஓர் அறக் கோபமும் இருக்கிறது. பெரிய சொற்கள் ஊரை ஏமாற்றி லட்சக்கணக்கானோரைக் குழிக்கு அனுப்பிவிட்டன; இனி அவற்றைத் தொட மாட்டேன் என்ற பிடிவாதம். அதே நாவலில், இத்தாலியப் படை தோற்றுப் பின்வாங்கிய கப்போரெட்டோ பின்வாங்கலை அவர் எழுதியிருக்கும் விதத்தைப் படித்தால் அங்கேயே நின்று பார்த்தவர் என்று சத்தியம் செய்யத் தோன்றும். அது நடந்தது 1917 அக்டோபரில். அப்போது அவர் கான்சாஸ் சிட்டியில் பத்திரிகை நிருபர். பட்ட காயம் சொந்தம். அந்தச் சேறும் மழையும் வரைபடத்திலிருந்தும் கேட்டதிலிருந்தும் வந்தவை. வாலுக்கு மேலே சொன்ன பதிலுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1930-களின் பொருளாதார மந்தநிலை கொண்டுவந்த பஞ்சம். இது வேறு மாதிரி வேலை செய்தது என்பது என் எண்ணம். போர் மனிதனைத் தனியாக்கிவிடுகிறது. பசியும் தனியாக்கும்தான், ஆனால் ஒரே சாலையில் ஆயிரம் குடும்பங்கள் பசியோடு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஸ்டீன்பெக் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. அப்பா கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பொருளாளர். மந்தநிலைக் காலத்தில் அப்பாவின் சிறு வீட்டில் குடியிருந்து, அவர் தந்த மாதம் 25 டாலரில் எழுதிக்கொண்டிருந்தவர். 1936-ல் ஒரு சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை, ஓக்லஹோமா பக்கத்திலிருந்து புழுதிப் புயலுக்கும் கடனுக்கும் நிலத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி எழுதச் சொன்னது. டாம் காலின்ஸ் என்ற அரசு முகாம் மேலாளர் அவரை முகாம் முகாமாகக் கூட்டிப்போனார். 1938 தொடக்கத்தில் வைசேலியா பக்கம் வெள்ளம். கூடாரங்களில் தண்ணீருக்கு நடுவே குடும்பங்கள் பட்டினி கிடந்தன. இந்தத் துன்பத்தை வைத்துக் காசு பார்க்க என்னால் ஆகாது என்று தன் இலக்கிய முகவருக்கு எழுதினார்.

அந்தக் கோபத்தில் முதலில் எழுதியது ஒரு நையாண்டி நாவல். பல்லாயிரம் சொற்கள் எழுதியபின் அதை அழித்துவிட்டார். ஆத்திரம் மட்டும் இருந்தது, மனிதர்களைப் புரிந்துகொள்வது இல்லை என்று அவருக்கே பட்டது. அதற்குப் பிறகு மே கடைசியில் உட்கார்ந்து அக்டோபரில் முடித்ததுதான் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. தலைப்பு கொடுத்ததும் தட்டச்சு செய்ததும் மனைவி கேரல்.

அந்த நாவலில் எல்லோரும் பேசும் இடம் கடைசிக் காட்சி. குழந்தை செத்துப் பிறந்த ஒரு பெண் பட்டினியில் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஆளுக்குப் பால் கொடுப்பது. அதை மாற்றும்படி பதிப்பகத்திலிருந்து கேட்டார்கள், அவர் மசியவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது நடுவில் வரும் ஒரு சாலையோரக் கடை. பத்து காசுக்கு ரொட்டி கிடைக்குமா என்று ஒருவர் கேட்கிறார். ஒரு ரொட்டியின் விலை பதினைந்து. கடைக்காரி மே முறைக்கிறாள். உள்ளேயிருந்து சமையல்காரர் அல், கொடுத்துத் தொலை என்று கத்துகிறார். அந்த அப்பனோடு இரண்டு பையன்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோடுபோட்ட மிட்டாயைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். அது ஒரு காசு மிட்டாயா என்று அப்பன் கேட்கிறார். "இல்லை, ஒரு காசுக்கு இரண்டு" என்கிறாள் மே. அவர்கள் போனதும், உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சொல்கிறார்: அது ஒன்றே ஐந்து காசு மிட்டாயாயிற்றே. அதில் உனக்கென்ன என்று சிடுசிடுக்கிறாள். ஓட்டுநர்கள் பில்லுக்கு மேல் பெரிய தொகையை மேசையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். யாரும் நல்லவார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மே கடைசி வரைக்கும் கடுகடுப்பாகவே இருக்கிறாள்.

இதற்கு முந்தைய அத்தியாயத்தில்தான் ஸ்டீன்பெக் தன் எண்ணத்தை நேராகச் சொல்கிறார்: 'என் நிலம் போச்சு' என்று ஒருவன் சொல்லும்வரை முதலாளிகளுக்குப் பயமில்லை, இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து 'நம் நிலம் போச்சு' என்று சொல்லும்போதுதான் அது ஆபத்து. 'நான்' என்பது 'நாம்' ஆகிற இடம். அது பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு; எனக்கும் அந்தக் குறை கொஞ்சம் உண்டு. ஆனால் மிட்டாய்க் காட்சி அடுத்த அத்தியாயத்திலேயே வந்து அந்தப் பிரசங்கத்தைக் காப்பாற்றிவிடுகிறது. ஆள்பவர்களுக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. 1939 ஆகஸ்டில், கதை நடக்கும் கெர்ன் கவுண்டியின் நூலகங்களிலேயே புத்தகத்தைத் தடை செய்தார்கள்.

இதே காலத்தில் பசியை வெளியிலிருந்து பார்க்காமல் வயிற்றில் வைத்திருந்தவர் ரிச்சர்ட் ரைட். 1908-ல் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பையன். 'நேட்டிவ் சன்' நாவலுக்குப் பிறகு 1945-ல் வந்த தன் வாழ்க்கைக் கதையான 'பிளாக் பாய்' நூலில் ஒரு கிறிஸ்துமஸ் வருகிறது. மற்றக் குழந்தைகள் வெடி வெடிக்கிறார்கள். அவனுக்குக் கிடைத்தது ஓர் ஆரஞ்சு. பகல் முழுக்க அதைக் கையிலேயே வைத்திருக்கிறான். இரவு படுக்கப் போகும்முன் உச்சியில் சின்னதாகக் கடித்து, பிழிந்து பிழிந்து உறிஞ்சுகிறான். சாறு தீர்ந்ததும் தோலையும் கிள்ளிக் கிள்ளி மெல்கிறான். மெம்பிஸ் நூலகத்தில் கறுப்பர்களுக்குப் புத்தகம் தர மாட்டார்கள் என்பதால், ஒரு வெள்ளைக்காரரின் அட்டையை இரவல் வாங்கி, அவர் எழுதியது போல ஒரு சீட்டைத் தானே எழுதிக்கொண்டு போனதும் இதே நூலில்தான். அந்தச் சீட்டில் தன்னைக் குறிக்கத் தன் இனத்தை இழிவுபடுத்தும் சொல்லையே போட்டார், அப்போதுதானே நம்புவார்கள். ரைட்டுக்கு 'நாம்' அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. பசி அவருக்குச் சோற்றுப் பசியாகத் தொடங்கி, ஒரு மனிதனாக நடத்தப்பட வேண்டும் என்ற பசியாக வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் நாவலாசிரியர் கர்ட் வானகட். 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, டிரெஸ்டன் நகரில் ஒரு கசாப்புக் கூடத்தில் கைதியாக அடைக்கப்பட்டார். 1945 பிப்ரவரி 13 இரவு நேச நாட்டு விமானங்கள் நகரத்தை எரித்தன. பூமிக்கடியில் இறைச்சி வைக்கும் அறையில் இருந்ததால் கைதிகள் பிழைத்தார்கள். மேலே வந்தபோது நகரம் இல்லை. அப்புறம் நாள்கணக்கில் இடிபாடுகளைத் தோண்டிப் பிணம் எடுக்கிற வேலை. ஹெமிங்வே உவமையாகச் சொன்ன இறைச்சிக் கொட்டகை இவருக்கு விலாசமாகவே அமைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது, பார்த்ததை அப்படியே எழுதினால் போதும், சுலபம் என்று நினைத்தாராம். நாவல் வெளிவந்தது 1969-ல். அதுவரை 5,000 பக்கமாவது எழுதிக் கிழித்திருப்பேன் என்று 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நூலின் முதல் அத்தியாயத்தில் சொல்கிறார். ஒரு கட்டத்தில் சுவருக்கு ஒட்டும் காகிதச் சுருளின் பின்பக்கத்தில், மகளின் கிரையான்களால் முழுக் கதையையும் வரைந்தார்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறக்கோடு. மஞ்சள் கோடு ஓரிடத்தில் நின்றுவிடும்; மஞ்சள் ஆள் செத்துவிட்டான். நகரம் எரிவதற்கு ஆரஞ்சு நிறக் கட்டங்கள். அதைத் தாண்டிப் போகிற கோடுகள்தான் பிழைத்தவர்கள்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு பெண்ணின் கோபத்தால். கூடப் போரில் இருந்த நண்பர் ஓ'ஹேர் வீட்டுக்குப் போகிறார், இருவரும் பழசை நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று. நண்பரின் மனைவி மேரி பாத்திரங்களை டம் டம் என்று வைக்கிறார். கடைசியில் வெடிக்கிறார்: அப்போது நீங்கள் எல்லாம் குழந்தைகள்; ஆனால் புத்தகத்தில் பெரிய ஆம்பிளைகள் மாதிரி எழுதுவாய், சினிமா நட்சத்திரங்கள் அதில் நடிப்பார்கள், இன்னும் போர் வரும், மாடியில் தூங்குகிற குழந்தைகள் போல வேறு குழந்தைகள் சாவார்கள். வானகட் அங்கேயே சத்தியம் செய்கிறார், அப்படி எழுத மாட்டேன் என்று. நூலை அவருக்குச் சமர்ப்பிக்கவும் செய்தார். இது எனக்கு முக்கியமான இடம். வருடக்கணக்கில் அவர் தேடிய பொருள் போர்க்களத்திலிருந்து வரவில்லை. ஒரு சமையலறையில், போருக்கே போகாதவரிடமிருந்து வந்தது.

அந்த நாவலில் கதாநாயகன் பில்லி ஒரு போர்ப்படத்தைப் பின்னோக்கி ஓடவிட்டதுபோல் பார்க்கிறான். விமானங்கள் நகரத்தின் தீயைச் சுருட்டி உருளைகளில் அடைத்து மேலே இழுத்துக்கொள்கின்றன. குண்டுகள் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகின்றன. அங்கே பெண்கள் அவற்றைப் பிரித்துக் கனிமங்களாக்க, அந்தக் கனிமங்களை மண்ணுக்கடியில் யாரையும் காயப்படுத்தாதபடி ஒளித்துவைக்கிறார்கள். (ஒரு குறிப்பு: டிரெஸ்டனில் 1,35,000 பேர் செத்ததாக நூலில் வருவது அன்று புழங்கிய கணக்கு. பின்னால் வரலாற்றாசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து, அதிகபட்சம் 25,000 என்று முடிவுக்கு வந்தது. எண் குறைந்ததால் நாவல் குறையவில்லை, ஆனால் எண்ணை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள்.)

ஜோசப் ஹெல்லர் 60 முறை குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். அவர் 'கேட்ச்-22'-ல் சிரித்தே சாகடிப்பார். 'தி கேட்சர் இன் தி ரை' எழுதிய சாலிஞ்சர் நார்மண்டித் தரையிறக்கத்தில் தொடங்கிப் போர் முடியும்வரை இருந்து, நரம்பு தளர்ந்து மருத்துவமனையில் சேர்ந்தவர். அவருடைய தேடல் போய்ச் சேர்ந்த இடம் நமக்குப் பரிச்சயமானது: நியூயார்க்கில் சுவாமி நிகிலானந்தர் நடத்திவந்த ராமகிருஷ்ண-விவேகானந்த மையம். அத்வைதம் அவருக்கு ஆறுதல் தந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாசகனாக எனக்கு ஒரு வருத்தம்: ஞானம் ஏற ஏற கதை மெலிந்தது, 1965-க்குப் பிறகு எதையுமே வெளியிடவில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு நாவலைச் சொல் என்றால் நான் சொல்வது, அமெரிக்காவுக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று. லெஸ்லி மார்மன் சில்கோ 1977-ல் எழுதிய 'செரிமனி'. நியூ மெக்சிகோவின் லகூனா பழங்குடியைச் சேர்ந்த டாயோ பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாகிறான். காட்டில் ஓயாத மழை. கூட இருந்த ராக்கி, அண்ணன் மாதிரி வளர்ந்தவன், மழைச் சேற்றில் சாகிறான். டாயோ மழையைச் சபிக்கிறான். ஊருக்குத் திரும்பினால் வருடக்கணக்கில் வறட்சி. புல் இல்லை, கோவேறு கழுதை எலும்பாக நிற்கிறது. தன் சாபம்தான் மழையை நிறுத்திவிட்டது என்று நம்புகிறான். மழைக்காக ஏங்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தக் குற்ற உணர்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

ராணுவ மருத்துவர்கள் அவனுக்குச் சொல்வது: 'நாங்கள்', 'நமக்கு' என்று பேசிக்கொண்டிருக்கும்வரை நீ குணமாக மாட்டாய், உன்னைப் பற்றி மட்டும் நினை. ஸ்டீன்பெக்கின் 'நான்', 'நாம்' ஞாபகம் வருகிறதா? டாயோவுக்கு அந்த வைத்தியம் பலிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் கூவுஷ் வந்து பழைய சடங்கைச் செய்து பார்க்கிறார். அதுவும் பாதிதான் பலிக்கிறது. காரணம் அருமையானது. போரில் கொன்றவனைத் தூய்மைப்படுத்தும் சடங்குதான் அது. ஆனால் யாரைக் கொன்றோம், எத்தனை பேரைக் கொன்றோம் என்றே தெரியாமல் தூரத்திலிருந்து கொல்லும் போர் உண்டு என்பது அந்தப் பெரியவரால் நினைத்துப் பார்க்கவே முடியாத விஷயம். அதனால் சடங்கையே புதுப்பிக்கத் தெரிந்த பெட்டோனி என்பவரிடம் போகிறான். அவர் குடிசை முழுக்கப் பழைய நாட்காட்டிகளும் டெலிபோன் டைரக்டரிகளும் அடுக்கியிருக்கும். கடைசியில் டாயோ குணமாவது சித்தப்பாவோ மாமாவோ சொன்ன உபதேசத்தால் இல்லை. மாமா வாங்கிய, பிறகு காணாமல்போன புள்ளி மாடுகளைத் தேடிப்பிடித்து ஓட்டிவரும் வேலையில்.

எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு 'நாம்' இருந்ததா என்றால் இல்லை. ஜான் ஒகாடாவின் 'நோ-நோ பாய்' 1957-ல் வந்தது. போரின்போது ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். நாவலின் இச்சிரோ, அடைத்துவைத்த நாட்டுக்காகவே படையில் சேர மறுத்து இரண்டு வருடம் சிறையிலும் இருந்துவிட்டு சியாட்டிலுக்குத் திரும்புகிறான். சொந்த இனத்துப் பையன்களே அவன்மேல் துப்புகிறார்கள். படைக்குப் போன நண்பன் கென்ஜி ஒரு காலை இழந்து, மிஞ்சிய துண்டும் அழுகி, செத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கால்துண்டை எனக்குக் கொடு, என் இடத்தை நீ எடுத்துக்கொள் என்று இச்சிரோ மனதுக்குள் கேட்கிறான். ஒகாடா தானே அமெரிக்க விமானப்படையில் வேலை பார்த்தவர் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். 1971-ல் அவர் இறந்தபோதும் முதல் பதிப்பின் 1,500 பிரதிகள் விற்றுத் தீர்ந்திருக்கவில்லை.

வியட்நாம் போர் என்றால் டிம் ஓ'பிரையன். 1990-ல் வந்த 'தி திங்ஸ் தே கேரிட்' நூலின் முதல் கதை கிட்டத்தட்ட ஒரு மளிகைப் பட்டியல்: ஒவ்வொரு சிப்பாயும் முதுகில் என்ன சுமந்தான், அது எத்தனை எடை. இரும்புத் தொப்பி 5 பவுண்டு. பேட்டரியோடு ரேடியோ 26 பவுண்டு. லெப்டினன்ட் கிராஸ் வைத்திருக்கும் கடிதங்கள், தன்னைக் காதலிக்காத பெண் எழுதியவை, 10 அவுன்ஸ். ஹெமிங்வேக்கு மிஞ்சிய எண்கள் அறுபது வருடம் கழித்தும் மிஞ்சியிருக்கின்றன. ஓ'பிரையன் ஒருபடி மேலே போய், ஒரு போர்க்கதையைக் கேட்டு முடித்ததும் மனது நிறைந்தாலோ நீதி கிடைத்தாலோ, உன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். தான் போருக்குப் போனதே ஊர் என்ன சொல்லுமோ என்ற கோழைத்தனத்தால்தான் என்றும் அவர் கதைசொல்லி ஒத்துக்கொள்கிறான்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நாவல் எதிலும் வேண்டாம். ஹெமிங்வேயின் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' சிறுகதையைப் படியுங்கள். 1925. நிக் என்ற இளைஞன் ரயிலில் வந்து இறங்குகிறான். ஊர் எரிந்து கரியாகியிருக்கிறது, வெட்டுக்கிளிகள்கூட எரிந்த நிலத்தில் வாழ்ந்து கறுத்துப்போயிருக்கின்றன. அவன் நடந்து போய்க் கூடாரம் போட்டு, பீன்ஸ் டப்பா ஒன்றையும் ஸ்பகெட்டி டப்பா ஒன்றையும் திறந்து கலந்து சூடாக்குகிறான். நாக்கு சுட்டுவிடக் கூடாது என்று ஆறும்வரை காத்திருக்கிறான். மறுநாள் மீன் பிடிக்கிறான். முதல் தடவை படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது: மீன் பிடிக்கிறான், சரி, கதை எங்கே? போர் என்ற சொல் ஒரு தடவைகூட வராது. இது போரிலிருந்து திரும்பியவனின் கதை என்று பிற்பாடு அவரே எழுதித்தான் எனக்குத் தெரியும். ஆறு ஓரிடத்தில் இருண்ட சதுப்புக்குள் நுழைகிறது. அதற்குள் இறங்கி மீன் பிடிக்க நிக்குக்கு இன்று மனமில்லை. அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்புகிறான்.